தண்ணீர் குறையக் கூடாத வண்டி

"தண்ணி கொறஞ்சா ஊத்திக்கலாமுங்ணா, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் பட்டறை வாசலில் நின்றவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். லாரிக்கும் டேங்கருக்கும் ரிக் வண்டிக்கும் பேர்போன வட்டாரம் இது. ரேடியேட்டரைப் பற்றி இங்கே யாரும் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பழைய லாரியில் ரேடியேட்டர் மூடியை ஒட்டி ஒரு சின்னக் குழாய் கீழே தொங்கும். தண்ணீர் சூடேறிப் பெருகினால் அந்தக் குழாய் வழியே ரோட்டில் கொட்டிவிடும். வண்டி ஆறிய பிறகு பார்த்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் குறைந்திருக்கும். அதனால் விடிகாலையில் வண்டி எடுக்கும் முன் கிளீனர் மூடியைத் திறந்து கேனில் இருந்து தண்ணீர் ஊற்றுவார். தொப்பூர் கணவாய் ஏறி முடித்ததும் ஓரங்கட்டி இன்னொரு முறை ஊற்றுவார். அதை யாரும் கோளாறாக நினைத்ததில்லை. டயருக்குக் காற்றுப் பார்ப்பதுபோல அதுவும் ஒரு வேலை.

அந்த வண்டிக்கு அந்தப் பேச்சு முழுக்கச் சரி. அதையே ஒன்பது வருடம் ஓடிய பென்ஸுக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் ஆடிக்கும் சொல்லும்போதுதான் இன்ஜின் போகிறது. கோழிப்பண்ணை, ரிக், சேகோ, நூல் என்று உழைத்துச் சம்பாதித்தவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் வண்டிகள் இவை. பலரும் இரண்டாம் கை, மூன்றாம் கையாகத்தான் வாங்குகிறார்கள். வண்டி மாறிவிட்டது, தண்ணீரைப் பற்றிய நம் பழக்கம் மட்டும் லாரிக் காலத்திலேயே நிற்கிறது. சொகுசு கார்களில் இன்ஜின் கொதிப்பதற்கு வெயிலைக் காரணம் சொல்கிறோம், கம்பெனியைச் சொல்கிறோம், கூலன்டின் நிறத்தைச் சொல்கிறோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரும்பாலான இன்ஜின்கள் சாகத் தொடங்குவது, கூலன்ட் குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்த அன்று யாரோ தண்ணீர் ஊற்றி அதை அணைத்த நேரத்தில்தான் என்பது என் முடிவு.

என் சித்தப்பா ஒருவர் ஒன்பது வருடப் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய இரண்டாம் மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. தெரிந்த பட்டறையில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள், விளக்கு அணைந்தது. இருபது நாள் கழித்து மறுபடி எரிந்தது, மறுபடி ஊற்றினார்கள். இப்படி மூன்று மாதம் போயிற்று. மே மாதத்தில் குடும்பத்தோடு ஏற்காடு ஏறினார். பாதி மலையில் ஏசியில் இருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. சூடு காட்டும் முள் நடுவில் இருந்து இடது பக்கம் சரிந்ததாம். "முள்ளு எறங்குதே, நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்று இன்றும் சொல்லி வருந்துவார். அடுத்த இரண்டு வளைவுக்குள் பானட்டில் இருந்து ஆவி. கீழே இழுத்து வந்து ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது அது வளைந்திருந்தது. அந்த முள் ஏன் இறங்கியது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் பென்ஸும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிதான். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதால்தான் இன்ஜின் குளிர்ந்தது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கி.மீ.க்கு மேல் அதை ஓட்டிப் போனபோது, வழியெல்லாம் கிடைத்த இடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நம் லாரி கிளீனரின் வேலையைத்தான் அன்று அந்த அம்மாள் செய்தார். பிறகு வில்ஹெல்ம் மேபாக் 1900 இறுதியில் முடித்த 35 குதிரைத் திறன் மெர்சிடிஸில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிக் குழாய்களை அடுக்கித் தேனடை போன்ற ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். தேவைப்பட்ட தண்ணீர் ஏறக்குறைய பாதியானது. குறைந்த தண்ணீரை வைத்து அதிகச் சூட்டை வெளியேற்றுவது என்ற போக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றைய கார் அந்தப் பாதையின் கடைசிப் புள்ளியில் நிற்கிறது.

அது என்ன மாதிரியான அமைப்பு என்று புரிய, வீட்டுக் குக்கரை நினைத்தால் போதும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் வெயிட் போட்டு அழுத்தம் ஏற்றினால் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். காரின் கூலன்ட் டப்பா மூடியும் ஒரு வெயிட்தான். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் அது 1.4 பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். இந்தத் தைரியத்தில்தான் கம்பெனிகள் இன்ஜினைச் சூடாகவே ஓட்டுகின்றன. பி.எம்.டபிள்யூ.வின் என் 52 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜின், மெதுவான ஓட்டத்தில் கூலன்டை 112 டிகிரி வரை விட்டுவைக்கும்; மிதித்து ஓட்டினால் கம்ப்யூட்டர் தெர்மோஸ்டாட்டைத் திறந்து 80 டிகிரிப் பக்கம் இறக்கும். சூடான இன்ஜினில் ஆயில் இளகி உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும். ஆகவே ஸ்கேனரில் 105 என்று காட்டினால் பதற வேண்டாம், அது அந்த வண்டிக்கு இயல்பு.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. அமைப்பில் எங்காவது மயிரிழை விரிசல் விழுந்தால், கூலன்ட் சொட்டுவதோடு அழுத்தமும் போய்விடும். அழுத்தம் போன அமைப்பில் 105 டிகிரியில் இருக்கும் நீர், அந்த நிமிடமே கொதிநீர். கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் திறந்த தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். லாரியில் கசிவு என்றால் தண்ணீர் நட்டம், அவ்வளவுதான். இந்த வண்டியில் கசிவு என்றால், எந்தச் சூட்டை நம்பி இன்ஜினை வடிவமைத்தார்களோ அந்தச் சூட்டுக்கே இனி பாதுகாப்பு இல்லை.

அதனால்தான் ஊற்றுவது தவறான மருந்து. மூடிய அமைப்பில் கூலன்ட் தீர்ந்துபோக வழியே இல்லை. சூட்டில் பெருகுவது டப்பாவுக்குள் ஏறும், ஆறினால் இறங்கும். வருடக்கணக்கில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் ஆவியாகலாம், அது கண்ணில் படாத அளவு. மாதாமாதம் அரை லிட்டர் குறைகிறது என்றால் அது போன இடம் ஒன்று இருக்கிறது. வெளியே சொட்டியிருக்கும், அல்லது ஹெட் கேஸ்கட் வழியே சிலிண்டருக்குள் போய் எரிந்து வெள்ளைப் புகையாகியிருக்கும், அல்லது டீசல் வண்டி என்றால் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலருக்குள் கசிந்து கொண்டிருக்கும். அந்த இடத்தைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது, ரத்தம் போகும் காயத்தைக் கட்டாமல் இளநீர் கொடுப்பது போன்றது.

இப்போது விளக்குகளுக்கு வருவோம். மஞ்சளும் சிவப்பும் ஒரே நோயின் இரண்டு அளவுகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டையும் பார்ப்பது வேறு வேறு உறுப்புகள். மஞ்சள் விளக்கு டப்பாவில் இருக்கும் அளவைப் பார்க்கிறது. சில வண்டிகளில் காந்தம் வைத்த மிதவை, சிலவற்றில் கூலன்டுக்குள் நிற்கும் இரண்டு கம்பிகள். சிவப்பு விளக்கு சூட்டைப் பார்க்கும் சென்சாரில் இருந்து வருகிறது. அந்த சென்சார், கூலன்டில் முழுகி இருந்தால்தான் உண்மை சொல்லும். கூலன்ட் வடிந்து சென்சாரைச் சுற்றி காற்றும் ஆவியும் மட்டும் இருந்தால், பக்கத்தில் உலோகம் வெந்துகொண்டிருக்க, அது குறைந்த சூட்டைக் காட்டும். சித்தப்பாவின் முள் இறங்கியதற்குக் காரணம் இதுதான். சூடு குறையவில்லை, சூட்டைச் சொல்ல வேண்டிய நீர் அங்கே இல்லாமல் போயிருந்தது.

முள்ளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நேர்மையான முள் அல்ல. பல ஐரோப்பிய கார்களில் ஏறத்தாழ 75 டிகிரியில் இருந்து 105 டிகிரி வரை எந்தச் சூடாக இருந்தாலும் முள் நடுவில் அசையாமல் நிற்கும்படி கம்பெனியே அமைத்திருக்கிறது. சூடு ஏறி இறங்கும்போதெல்லாம் முள்ளும் ஆடினால் ஓட்டுபவர் சர்வீசுக்கு ஓடி வந்துவிடுவார் என்ற கவலை. பி.எம்.டபிள்யூ.வின் சில மாடல்களில் கூலன்ட் முள்ளே கிடையாது, ஆயில் சூடு மட்டும்தான். நடுவில் நிற்கும் முள்ளை நம்பி ஓட்டுபவருக்கு முள் நகரும்போது நேரம் கடந்திருக்கும். கம்பெனிகள் செய்த இந்த ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை. லாரி டிரைவருக்குக் கொடுத்த உண்மையை, பல மடங்கு விலை கொடுத்தவருக்கு மறைக்கிறார்கள். மஞ்சள் விளக்கு ஒன்றுதான் மிச்சமிருக்கும் நேர்மையான சாட்சி. அதையும் தண்ணீர் ஊற்றி வாயடைத்து விடுகிறோம்.

வளைவில் திரும்பும்போது மட்டும் மின்னி மறையும் மஞ்சள் விளக்கைச் சிலர் சென்சார் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். கொல்லிமலைக்குக் காரவள்ளியில் இருந்து ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இது தெளிவாகத் தெரியும். கூலன்ட் விளிம்பில் நிற்கும்போது வண்டி சாய்ந்தால் மிதவை ஒரு பக்கம் இறங்குகிறது, நிமிர்ந்தால் சரியாகிறது. அழுக்குப் படிந்த சென்சார் பொய் சொல்வதும் உண்டுதான். ஆனால் பானட்டைத் திறந்து டப்பாவைக் கண்ணால் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

சரி, வெயில்? ஏப்ரல், மே மாதங்களில் சேலம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தார் ரோட்டுக்கு ஒரு சாண் மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு. ஆனாலும் இந்த வண்டிகள் வளைகுடா நாடுகளின் பாலைவனத்திலும் ஓடுகின்றன. 45 டிகிரி வெயிலில் ஏசியோடு ஓடும் அளவுக்குத்தான் குளிர்விக்கும் அமைப்பைச் செய்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியைச் சேலத்து வெயில் கொதிக்க வைக்காது. கைவசம் இருக்கும் மிச்சத்தை அது தின்றுவிடும், அவ்வளவே. ஜனவரியில் ஓசூர்க் குளிரில் தெரியாத பாதிக் கோளாறு, மே மாதம் ஓமலூர் தாண்டித் தொப்பூர் ஏறும்போது முழுக் கோளாறாகத் தெரியும். அந்த மிச்சத்தைக் குறைப்பவை நம் ஊரிலேயே நிறைய உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர், டர்போ வண்டி என்றால் இன்டர்கூலர், கியர் ஆயில் கூலர் என்று அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே புழுதியும் பூச்சியும் பஞ்சும் அப்பிக்கொள்ளும். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். சர்வீசில் பிரஷர் வாஷர் வைத்து முன்பக்கம் இருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் ஒட்டும், மெல்லிய தகடுகளும் மடங்கும். அடுக்கைப் பிரித்துப் பின்பக்கம் இருந்து மெதுவாகக் கழுவ வேண்டும்.

ஆனால் வெயிலைவிட, வயதுதான் இந்த வண்டிகளைக் கொல்கிறது. பித்தளையும் வார்ப்பிரும்பும் இருந்த இடத்தில் இன்று கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. ரேடியேட்டரின் இரு பக்கத் தொட்டிகள், கூலன்ட் டப்பா, தெர்மோஸ்டாட் கூடு, குழாய்களின் இணைப்பு, சிலவற்றில் வாட்டர் பம்ப் இறக்கைகள்கூட அதுதான். எடை குறைவு, செலவு குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் நூறு டிகிரிக்கு மேல் பல வருடம் வெந்தால் பிளாஸ்டிக் வறண்ட ஓலைபோல நொறுங்கும். ஃபோக்ஸ்வாகன், ஆடி பெட்ரோல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த பம்ப் கூடு கசிவதும், பழைய பி.எம்.டபிள்யூ.க்களில் டப்பா தையலில் விரிவதும், லேண்ட் ரோவர், ஜாகுவார்களின் பிளாஸ்டிக் குழாய்கள் வெடிப்பதும் உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குப் பழகிய கதை. எட்டு, பத்து வருடத்தில் இவை தளர்கின்றன. நம் ஊரில் இரண்டாம் கை வண்டி கைமாறும் வயதும் அதுவே. முதல் சொந்தக்காரர் எட்டு வருடம் நிம்மதியாக ஓட்டி விற்பார். வாங்கியவர் கையில் முதல் கோடையிலேயே டப்பா வெடிக்கும். இது விதி அல்ல, பிளாஸ்டிக்கின் ஆயுள்.

பம்பும் மாறிவிட்டது. முன்பு பெல்ட் சுற்றினால் பம்ப் சுற்றும். பெல்ட் அறுந்தால் ஓட்டுபவருக்குச் சத்தமே சொல்லிவிடும். பி.எம்.டபிள்யூ. 2004 வாக்கில் என் 52 இன்ஜினில் இருந்து மின்சாரத்தில் ஓடும் பிரதான வாட்டர் பம்பைக் கொண்டுவந்தது. சத்தமில்லாமல் வேலை செய்யும், சத்தமில்லாமல் நின்றும் போகும். ஆடியில் இன்ஜினை அணைத்த பின் டர்போவைக் குளிர்விக்கும் துணைப் பம்ப் ஒன்று உண்டு. அதில் கசடு அடைத்துச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று 2017, 2018இல் உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ. 7 லட்சத்து 20 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும், பம்பின் மின் இணைப்பில் திரவம் இறங்கி ஷார்ட் ஆகலாம் என்பதால்தான்.

இவற்றில் எல்லாம் பெரிய பாடம் தென்கொரியாவில் கிடைத்தது. 2018 கோடையில் அங்கே பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள், குறிப்பாக 520டி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போதே தீப்பிடித்தன. புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். அமைப்பில், அந்தப் புகையைக் குளிர்விக்கக் கூலன்ட் ஓடும் ஒரு சின்னக் கூலர் இருக்கிறது. அதில் இருந்து கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்தது. சூடான புகை பட்டதும் அந்தப் படிவு பற்றிக்கொண்டு பிளாஸ்டிக் காற்றுக் குழாயை உருக்கியது. கொரியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல், பின்னர் உலக அளவில் பதினாறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கோளாறு தெரிந்தும் தாமதித்ததாக அந்நாட்டு அரசின் விசாரணை குற்றஞ்சாட்டி, 1120 கோடி வோன் அபராதம் விதித்தது. கூலன்ட் குறைகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்ற நிலையில் உள்ள டீசல் கார்க்காரர் இதை மறக்கக் கூடாது. காணாமல் போன கூலன்ட் தீப்பற்றும் இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இனித் தண்ணீர். "நம்மூர்ல என்ன ஐஸா கட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மையை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்: சூட்டை வாங்கிச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது. கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகால் அதைவிடக் குறைவாகவே சுமக்கும். கலக்காமல் வெறும் கூலன்டை ஊற்றினால் இன்ஜின் அதிகமாகத்தான் சூடேறும். நமக்குக் கூலன்ட் தேவைப்படுவது பனிக்காக அல்ல. அலுமினியத்தை அரிப்பில் இருந்து காக்கும் மருந்துகள் அதில்தான் இருக்கின்றன, பம்ப் சீலுக்கு வழவழப்பு அதில்தான் கிடைக்கிறது, கொதிநிலையும் அதனால்தான் ஏறுகிறது. பாதிக்குப் பாதி, நம் வெயிலுக்கு நாற்பதுக்கு அறுபது என்றால் சரி. ஊற்றி ஊற்றி நாற்பது இருபதாகிவிட்டால் அரிப்பு தொடங்கும்.

இங்கேதான் நம் மண்ணின் குணம் உள்ளே வருகிறது. சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், உலகறிந்தது. கருங்கல் பாறைக்குள் பல நூறு அடி ஆழத்தில் இருந்து எடுக்கும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் நிறைந்தது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும், கீசரின் கம்பியில் ஓடு கட்டுவதும் நாம் பார்ப்பதுதான். அதே ஓடு சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளிலும் கட்டும். கல் படிந்த இடத்தில் சூடு வெளியே வராது. ஐரோப்பியத் தண்ணீரும் கடினமானது என்பதால் அந்த நாட்டுக் கம்பெனிகள் நெடுங்காலம் பாஸ்பேட் இல்லாத கூலன்டையே வற்புறுத்தின. கடின நீரில் பாஸ்பேட் கல்லாக இறங்கிவிடும். ஜப்பானிய கூலன்டில் பாஸ்பேட் உண்டு, சிலிக்கேட் இராது. கடையில் கிடைத்த ஏதோ ஒரு கூலன்டை வாங்கி, அதில் போர் தண்ணீரைக் கலந்து ஜெர்மன் காரில் ஊற்றினால், கல் கட்டத் தேவையான இரண்டையும் நாமே சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதும் பயனற்றது. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் சாயம். எந்த நிறம் எந்த மருந்துக்கு என்று உலகப் பொதுவிதி எதுவும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு ஜி 12, ஜி 13 என்றும், மெர்சிடிஸுக்கு 325 என்று தொடங்கும் எண்களாலும் குறிப்புகள் உண்டு. கேனின் பின்பக்கத்தில் அந்த எண் இருக்க வேண்டும். இந்திய தரநிலை ஐ.எஸ். 5759 என்று இருப்பது அடிப்படைத் தரத்துக்கு உறுதி, உங்கள் வண்டிக்கு ஏற்றதா என்பதற்கு அல்ல. கலக்க, டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரிக் கடையில் கிடைக்கும், ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் பார்த்து வாங்க வேண்டும். கூலன்ட் இனிக்கும், விஷம். தரையில் சொட்டியதை நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வைப்பது அவசியம்.

நம் பட்டறைகளின் இன்னொரு பழைய வைத்தியம், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. சூட்டு ஊருக்கு அது வேண்டாம் என்பது வாதம். இன்றைய வால்வு இரண்டு பக்கம் வேலை செய்யும்: ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்கு வழியை மூடும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், சூடான கூலன்டில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். மலை ஏறும்போது முன்பைவிட மோசமாகக் கொதிக்கும். சமவெளியில் மெதுவாகப் போகும்போதோ இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராமல் எரிபொருளைக் குடிக்கும்.

நம் மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்த இடத்தில் சூடேறுகிறது என்று கேட்டே பாதி நோயைக் கண்டுபிடிக்கும் திறமை அவர்களிடம் உண்டு, அது எந்த ஸ்கேனரிலும் இல்லாதது. சேலம் டவுனில் சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும்போது ஏறி, நான்கு வழிச் சாலையில் ஓடும்போது இறங்கினால் ஃபேன் அல்லது அதன் மின் இணைப்பு. நெரிசலில் சரியாக இருந்து, தொப்பூர், ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப் வலுவிழப்பு. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே, இன்ஜின் சூடேறும் முன்னரே மேல் ஹோஸ் கல்லுபோல இறுகினால் ஹெட் கேஸ்கட். சிலிண்டரின் வாயு கூலன்டுக்குள் தள்ளுகிறது. இந்த அறிவோடு மூன்று சாதனங்கள் சேர்ந்தால் போதும். வண்டி ஆறி இருக்கும்போது டப்பாவில் பொருத்தி மூடியில் குறித்த அழுத்தம் வரை கையால் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் பம்ப் ஒன்று. டப்பாவின் காற்றைச் சோதிக்கும் நீலத் திரவம் மற்றொன்று; எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகும். கூலன்ட் எத்தனை பங்கு என்று ஒரு சொட்டில் காட்டும் கண்ணாடி மூன்றாவது. ஒரு ஹெட் வேலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இவற்றின் விலை பொருட்டே அல்ல.

கூலன்ட் மாற்றிய பின் காற்றை வெளியேற்றுவதிலும் லாரி முறை உதவாது. மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டால், மின்சாரப் பம்ப் உள்ள வண்டியில் காற்றுக் குமிழ் ஹெட்டிலேயே தங்கும். என் 52 போன்ற பி.எம்.டபிள்யூ. இன்ஜின்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி முழுக்க மிதித்தால் பம்ப் தானே பன்னிரண்டு நிமிடம் ஓடிக் காற்றை எடுக்கும். பேட்டரிக்குச் சார்ஜர் போட்டிருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி முறை மாறும். அந்த வண்டிக்கு உரியதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வழியில் சிவப்பு எரிந்துவிட்டால் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் உடனே செய்ய வேண்டும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்ட இடம் கிடைக்கும் வரை மட்டும் ஓட்டி, இன்ஜினை அணைக்க வேண்டும். ஹீட்டரில் இருந்து குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்டே இல்லை என்று பொருள்; அடுத்த நொடியே நிறுத்த வேண்டும். மூடியைத் தொடக் கூடாது. 1.4 பாரில் அடைபட்ட நீர் திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால், ஏற்கெனவே வார்ப்பிரும்பைவிட இரு மடங்கு விரிந்து நிற்கும் அலுமினிய ஹெட் சுருங்கி விரிசல் விடும். "அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்" என்று ஓட்டும் அந்த நான்கு கி.மீ.தான் ஹோஸ் மாற்றும் செலவை இன்ஜின் மாற்றும் செலவாக ஆக்குகிறது. தேசிய நெடுஞ்சாலையில் 1033க்குப் போன் செய்தால் உதவி வரும். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

செலவு என்று வரும்போது வண்டிக்காரருக்குக் கைகொடுக்க யாரும் இல்லை. வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி, தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரல் 1இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன, பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அது பொருந்தும். கூலன்ட் டப்பாவும் தெர்மோஸ்டாட் கூடும் தளர்வது எட்டில் தொடங்கிப் பத்துக்குள். நாமக்கல் பண்ணைக்காரரும் சேலத்துக் கடைக்காரரும் வாங்கும் வண்டிகளில் பெரும்பங்கு அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அந்த ஏழு, பத்தாக வேண்டும் என்பது என் எண்ணம். அதுவரை பழைய வண்டி வாங்குபவர், பம்ப், தெர்மோஸ்டாட், டப்பா, மூடி, ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவை வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

சித்தப்பா இப்போது வேறு வண்டி வைத்திருக்கிறார், அதுவும் பழையதுதான். இரவெல்லாம் நின்று ஆறிய பிறகு, காலையில் பானட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் டப்பாவைப் பார்ப்பார். கூலன்ட் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதியும் கி.மீ.யும் எழுதியிருக்கிறார். போன பங்குனியில் அந்த டேப்புக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. மஞ்சள் விளக்கு அப்போது எரியவே இல்லை. ஏற்காட்டுப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு பட்டறைக்கு எடுத்துப் போனார். "ஊத்தி விட்றலாமுங்களா?" என்று கேட்ட பையனிடம், "வேண்டாம் தம்பி, மொதல்ல காத்து ஏத்திப் பாரு" என்றார். அழுத்தம் ஏற்றிய பத்தாவது நிமிடத்தில் தெர்மோஸ்டாட் கூட்டின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்றது.